இன்ஜெக்டரைக் கழற்றும் முன்

ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தவருக்கு எழுபது வயதிருக்கும். மந்தைவெளியில் எங்கள் பட்டறை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்தபடி சொன்னார்.

“தம்பி, இன்ஜெக்டர் போயிடுத்தாம். மாத்தினாதான் ஆச்சுன்னு சொல்லிட்டா. நீங்க ஒரு தடவை பாத்துடுங்களேன்.”

“கழட்டிப் பாத்தாங்களா சார்?”

“கழட்டலை. நாலு தடவை கிக்கரை உதைச்சுட்டுச் சொன்னார்.”

“வண்டி எத்தனை நாளா நின்னுட்டு இருந்துச்சு?”

“பொண்ணாத்துக்குப் போயிருந்தோம், நியூ ஜெர்சி. அஞ்சரை மாசம் ஆச்சு. மழைக்காலம் பூரா வெளியிலதான் நின்னுது.”

டேங்கிலிருந்து அரை டம்ளர் பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் இறக்கி, மேசைமேல் வைத்தோம். முதலில் மோர் கலந்தது போல மங்கலாக இருந்தது. பத்து நிமிடத்தில் நடுவே ஒரு கோடு விழுந்தது. கோட்டுக்கு மேலே பெட்ரோல், கீழே தண்ணீரும் எத்தனாலும். டேங்கைக் காலி செய்து, பம்பைக் கழற்றி உலர்த்தி, புது பெட்ரோல் ஊற்றி, சாவியை மூன்று தடவை போட்டு எடுத்தபின் செல்ஃப் அடித்தோம். கொஞ்சம் இருமிவிட்டு வண்டி ஓடியது. இன்ஜெக்டரை நாங்கள் தொடவே இல்லை.

நல்ல பாகத்தைக் கழற்றி எறிவது எனக்கு எப்போதும் வலிக்கும் விஷயம். அதற்கு ஓய்வூதியத்திலிருந்து பணம் போகிறது என்றால் இன்னும் வலிக்கும். சின்ன எஞ்சினில் இன்ஜெக்டர் கெடுவது உண்டு. ஆனால் அதன்மேல் விழும் புகாரில் பெரும்பகுதி பெட்ரோலுக்கோ, பேட்டரிக்கோ, ஒரு கப்ளருக்கோ போய்ச் சேரவேண்டியது. இன்ஜெக்டர்தான் குற்றவாளி என்று சொல்லுமுன் என்னென்ன சாட்சி வேண்டும், அவற்றை எந்த வரிசையில் தேடவேண்டும் என்பதுதான் இந்த அத்தியாயம்.

கார்புரேட்டர் போன பிறகு

முந்தைய அத்தியாயங்களில் பார்த்த புல்வெட்டும் மெஷின், முதுகில் மாட்டிக்கொண்டு வெட்டும் பிரஷ் கட்டர், வீட்டு ஜெனரேட்டர் எல்லாமே நம் ஊரில் இன்றும் பெரும்பாலும் கார்புரேட்டர் மெஷின்கள்தான். இன்ஜெக்டர் நம் தெருவுக்கு வந்தது ஸ்கூட்டர் வழியாக. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ்.6 மாசு விதி அமலுக்கு வந்தது. அந்த அளவுக்குள் புகையை அடக்க சாதாரண கார்புரேட்டரால் முடியவில்லை. அதனால் 110 சிசி ஸ்கூட்டரிலிருந்து, மூட்டை ஏற்றும் மொபெட் வரை இன்ஜெக்டர் ஏறியது. இன்று பாண்டி பஜாரில் வரிசையாக நிற்கும் புது வண்டிகளில் பெட்ரோல் வண்டி எதைத் தொட்டாலும் பெரும்பாலும் உள்ளே ஒரு இன்ஜெக்டர் இருக்கும். இருபது வருடம் ஜெட்டை ஊதி, மிதவையை வளைத்துப் பழகிய கைகளுக்கு இது புதுப் பொருள். புரியாத பொருளின்மேல் பழி போடுவது எளிது.

உண்மையில் இதன் வேலை கார்புரேட்டரைவிட எளிமையானது. உள்ளே ஒரு செம்புச் சுருள், ஒரு ஸ்பிரிங், ஒரு ஊசி, நுனியில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சில துளைகள், நுழைவாயிலில் சின்னதாக ஒரு வடிகட்டி. அவ்வளவுதான். சுருளில் கரண்ட் பாய்ந்தால் ஊசி பின்வாங்கும். அழுத்தத்தோடு காத்திருக்கும் பெட்ரோல் புகைபோலச் சீறும். கரண்ட் நின்றால் ஸ்பிரிங் ஊசியை மூடிவிடும். எத்தனை நேரம் திறந்திருக்கவேண்டும் என்று சொல்வது வண்டியின் கணினியான இ.சி.யூ. ஐட்லிங்கில் அது இரண்டு, மூன்று மில்லி செகண்ட் கணக்குதான்.

அளவு எவ்வளவு நுணுக்கம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் தரும் வண்டி, மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர். அந்த வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு 5,500 சுற்று சுற்றுவதாக வையுங்கள். இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை சீறல் என்றால் நிமிடத்துக்கு 2,750, மணிக்கு 1,65,000. ஒரு லிட்டரை அத்தனை பங்காகப் பிரித்தால் ஒரு சீறலுக்கு 0.006 மில்லிலிட்டர். கண்ணுக்கு விடும் மருந்துச் சொட்டு சுமார் 0.05 மில்லிலிட்டர். அந்தச் சொட்டில் எட்டில் ஒரு பங்கு. இதில் பத்து சதவீதம் கூடினாலும் குறைந்தாலும் எஞ்சின் காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் பெட்ரோலில் கலந்த ஒரு ஸ்பூன் தண்ணீர்கூட இங்கே பெரிய சண்டையாகிறது.

முதல் சாட்சி: காது

கருவி எதையும் எடுக்கவேண்டாம். ரேடியோவை நிறுத்தச் சொல்லுங்கள். சாவியை ஆன் செய்துவிட்டு டேங்க் பக்கம் காதை வையுங்கள். இரண்டு மூன்று வினாடி “ஙிங்...” என்று பம்ப் சத்தம் வந்து நிற்கவேண்டும். அதே நேரம் மீட்டரில் எஃப்.ஐ. (ஃபியூயல் இன்ஜெக்ஷன்) லைட் எரிந்து அணையவேண்டும். சத்தமே இல்லை என்றால் பியூஸ், பம்ப் கப்ளர், பேட்டரி என்று வேலை வேறு பக்கம் போகிறது. லைட் எரியவே இல்லை என்றால் இ.சி.யூ.வுக்கு கரண்ட் போகிறதா என்று பாருங்கள்.

சைடு ஸ்டாண்ட் போட்டிருந்தால் ஸ்டார்ட் ஆகாத வண்டிகள் இப்போது நிறைய. அந்த ஸ்டாண்ட் சுவிட்சில் சேறு புகுந்தால் ஸ்டாண்டை எடுத்தபிறகும் வண்டி அசையாது. வண்டி கீழே விழுந்திருந்தால் சாய்வு சென்சார் எஞ்சினை நிறுத்தி வைத்திருக்கும். நிமிர்த்தி, சாவியை அணைத்து மறுபடி போட்டால் சரியாகிவிடும். “எப்பயாவது கீழ போட்டீங்களாம்மா?” என்று கேட்டுவிடுவது ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

லைட் அணையாமல் நின்றாலோ, விட்டுவிட்டு மின்னினாலோ, அது பேசுகிறது என்று அர்த்தம். ஹோண்டா ஸ்கூட்டர்களில் நீண்ட மின்னல் பத்து, குறுகிய மின்னல் ஒன்று. ஒரு நீளம், இரண்டு குறுகல் என்றால் 12. அது இன்ஜெக்டர் சர்க்யூட்டைக் குறிக்கும். மற்ற கம்பெனிகளுக்கு அவரவர் பட்டியல் உண்டு. சர்வீஸ் மேனுவலில் பாருங்கள். 2023 ஏப்ரல் முதல் வந்த வண்டிகளில், வண்டி தன் கோளாறைத் தானே கண்டுபிடிப்பதற்கான ஓ.பி.டி. 2 விதிப்படி கண்காணிப்பு இன்னும் விரிவு; அந்த மாடலுக்குப் பொருந்தும் ஸ்கேனரை மாட்டினால் எண்ணோடு சேர்த்து விவரமும் கிடைக்கும்.

இங்கே ஒன்றை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன். 12 என்று காட்டினால் “இன்ஜெக்டர் கெட்டுவிட்டது” என்று அர்த்தமில்லை. இன்ஜெக்டருக்குப் போகும் மின்பாதையில் எங்கோ கோளாறு என்று மட்டுமே அர்த்தம். வயர் அறுந்தாலும் 12 வரும். கப்ளர் ஒழுங்காக மாட்டாவிட்டாலும் வரும். மறுபக்கம், துளை முழுக்க அழுக்கு அடைத்திருந்தாலும் மின்பாதை சரியாக இருந்தால் 12 வராது. எண் காட்டவில்லை என்பதால் இன்ஜெக்டர் நிரபராதி என்றும் சொல்லமுடியாது.

கரண்ட், ஸ்பார்க், காற்று

கார்புரேட்டர் வண்டியில் பேட்டரி செத்தாலும் கிக்கரை உதைத்து ஓட்டிவிடுவோம். அந்தப் பழக்கம் நம்மைவிட்டுப் போகவில்லை. எஃப்.ஐ. வண்டியில் பம்புக்கும் இ.சி.யூ.வுக்கும் இன்ஜெக்டருக்கும் கரண்ட் வேண்டும். மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கையில் இல்லாதவர் இந்த வேலைக்கு வரவேண்டாம். நின்ற வண்டியில் 12.4 வோல்ட்டுக்கு மேல் இருக்கட்டும். செல்ஃப் அடிக்கும்போது 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் முதலில் பேட்டரியைக் கவனியுங்கள். வோல்டேஜ் குறைந்தால் ஊசி திறக்க அதிக நேரம் எடுக்கும், பெட்ரோல் குறையும், வண்டி இருமும். பார்ப்பவர் இன்ஜெக்டர் அடைப்பு என்பார்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நனைந்து கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம், அல்லது ஸ்பார்க் இல்லை. வெளுத்து உலர்ந்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. ஏர் ஃபில்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். டேப்பெட் இறுகியிருந்தால் காலையில் ஸ்டார்டிங் ட்ரபிள், சிக்னலில் ஆஃப் என்று இன்ஜெக்டர் அடைப்பின் அதே குணங்களைக் காட்டும். அதை அளக்க ஃபீலர் கேஜ் ஒன்று போதும்.

மயிலாப்பூர் வண்டிகளில் நான் அடிக்கடி பார்ப்பது வேறு. வீட்டிலிருந்து தெற்கு மாட வீதி காய்கறிக் கடை, அங்கிருந்து கோயில், அங்கிருந்து வீடு. ஒரு நாளைக்கு மூன்று கிலோமீட்டர். எஞ்சின் சூடேறுவதற்குள் அணைந்துவிடுகிறது. த்ராட்டில் பாடியின் உதட்டில் கரி படிந்து, ஐட்லிங்குக்கு வரும் காற்று குறைகிறது. லஸ் கார்னர் சிக்னலில் நின்றால் வண்டி அணைந்துவிடும். அதற்கான ஸ்பிரேயை மெல்லிய துணியில் அடித்து, பட்டாம்பூச்சித் தகட்டையும் அதன் விளிம்பையும் துடைத்தால் பாதிப் புகார் தீர்ந்துவிடுகிறது. துடைத்தபின் ஐட்லிங் மறுபடி பழக, சில மாடல்களில் ரீசெட் செய்யவேண்டும், மேனுவலைப் பாருங்கள்.

பெட்ரோலைப் பாருங்கள்

என் கணக்கில் இந்த அத்தியாயத்தின் நெஞ்சு இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

2025-ல் நம் பெட்ரோல் பங்குகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், அதாவது இ20, பரவலாகிவிட்டது. எத்தனால் கெட்ட பொருள் இல்லை. ஆனால் அதற்குத் தண்ணீர் மேல் தனி ஆசை. காற்றில் உள்ள ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். சாதாரண பெட்ரோலில் தண்ணீர் விழுந்தால் உடனே அடியில் தனியாகப் படுத்துவிடும். எத்தனால் பெட்ரோலோ ஓரளவு தண்ணீரைத் தன்னுள் கரைத்து மறைத்துவைக்கும். அந்த அளவைத் தாண்டியதும் ஒரே நேரத்தில் கைவிட்டுவிடும்: தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து டேங்கின் அடிக்கு இறங்கிவிடும். பம்ப் உறிஞ்சுவது அடியிலிருந்துதான். எஞ்சினுக்கு முதலில் போவது பெட்ரோலே இல்லை. கார்புரேட்டரில் கிண்ணத்தின் கீழ் ஒரு ஸ்க்ரூ இருக்கும், திறந்தால் தண்ணீர் சொட்டி வெளியேறும். எஃப்.ஐ. வண்டியில் அப்படிப்பட்ட வாசல் கிடையாது.

ஆகவே கண்ணாடி பாட்டில் சோதனையைத் தவறவிடாதீர்கள். டேங்கின் மேலிருந்து எடுத்தால் பயனில்லை. அடியிலிருந்து அரை டம்ளர் எடுங்கள். பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். கோடு விழுந்தால் தண்ணீர். மங்கலாகவே நின்றால் பிரிவதற்குத் தயாராக இருக்கிறது. பழுப்பாகி, வார்னிஷ் வாடை அடித்தால் பழைய பெட்ரோல்; உள்ளே பிசின் படிய ஆரம்பித்திருக்கும். துரு, தூசு தெரிந்தால் பம்ப் ஃபில்டரையும் பாருங்கள்.

பங்கில் சந்தேகம் இருந்தால் அங்கேயே ஃபில்டர் பேப்பர் சோதனை கேட்கலாம், அடர்த்தி பார்க்கச் சொல்லலாம். இரண்டும் வாடிக்கையாளரின் உரிமை. சண்டைக்குப் போகவேண்டாம், பணிவாகக் கேளுங்கள்.

எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. அதனால் இ20-ல் மைலேஜ் கொஞ்சம் குறைவது இயல்பு. “மைலேஜ் போச்சு, இன்ஜெக்டர் ஒழுகுது” என்று வருபவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள். 2023-க்கு முந்தைய வண்டி என்றால் எந்தப் பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டது என்று கையேட்டைப் பார்ப்பது நல்லது. ரப்பர் பாகங்களையும் ஓ-ரிங்குகளையும் அடிக்கடி கவனியுங்கள்.

வெள்ளம் வந்த நாட்களைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். 2021 நவம்பரில் தி. நகர் தெருக்களில் தண்ணீர் நின்றது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் நகரின் பெரும்பகுதி மூழ்கியது. தண்ணீர் வடிந்ததும் ஆசையோடு எல்லோரும் செய்வது சாவியைப் போட்டுப் பார்ப்பது. அதைத்தான் செய்யக்கூடாது. சாவி போட்ட அந்த இரண்டு வினாடியிலேயே பம்ப் தன் வேலையைத் தொடங்கி, டேங்கில் புகுந்த தண்ணீரை இன்ஜெக்டர் வாய்வரை கொண்டுபோய் நிறுத்திவிடும். அதுவரை நன்றாக இருந்த இன்ஜெக்டர் அன்று முதல் உள்ளே துருப்பிடிக்க ஆரம்பிக்கும். கால் வைக்கும் தரைப்பலகைக்கு அடியில் டேங்க் உள்ள ஸ்கூட்டரில் முழங்கால் தண்ணீரே போதும். பேட்டரி வயரைக் கழற்றுங்கள், டேங்கை இறக்குங்கள், எஞ்சின் ஆயிலைப் பாருங்கள், பால் கலந்த காபி போல இருந்தால் அதையும் மாற்றுங்கள். சாவி கடைசியில்.

கப்ளரும் எலியும்

பெசன்ட் நகர், சாந்தோம், பட்டினப்பாக்கம் வண்டிகளில் இன்ஜெக்டர் கப்ளரைக் கழற்றினால் பின்னில் பச்சை பூத்திருக்கும். கடற்காற்றின் வேலை. காண்டாக்ட் கிளீனர் அடித்து, நான்கைந்து முறை மாட்டிக் கழற்றி, மின்பாகங்களுக்கான கிரீஸ் துளி வைத்து மூடுங்கள். உப்புக் காகிதம் போட்டுத் தேய்க்காதீர்கள். பின் மெலிந்து, ஒரு மாதத்தில் லூஸ் காண்டாக்ட் ஆகிவிடும். வண்டி குலுங்கும்போது மட்டும் மிஸ்ஸிங் என்றால் எஞ்சினை ஓடவிட்டு வயரை மெதுவாக அசைத்துப் பாருங்கள்.

அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கார் நிறுத்தத்தில் எலி வயரைக் கடிக்கிறது, பெட்ரோல் ஹோஸையும் கடிக்கிறது. அழுத்தத்தோடு பெட்ரோல் நிற்கும் ஹோஸில் பல் பட்டால் பூத்தூவல் போலச் சீறும். பெட்ரோல் வாடை வருகிறது என்று சொன்னால் ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். முதலில் டார்ச் எடுத்து ஹோஸ் முழுவதையும் பாருங்கள்.

பம்ப் அழுத்தம்

பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவே டி-ஜாயின்ட் போட்டு கேஜ் மாட்டுங்கள். பல 110, 125 சிசி வண்டிகளில் சுமார் 3 பார், அதாவது 43 பி.எஸ்.ஐ. எதிர்பார்க்கலாம். தனியாக ஓட்டுபவர் ஸ்கூட்டரின் பின் டயரில் அடிக்கும் காற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. உங்கள் மாடலின் சரியான எண்ணை மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். அழுத்தம் குறைந்தால் பம்ப், ஃபில்டர், ரெகுலேட்டர் என்று போங்கள். இன்ஜெக்டர் மேல் கை வைக்கவேண்டாம். பம்ப் நின்றபின் முள் சரசரவென்று இறங்கினால் பம்பிலுள்ள வால்வோ இன்ஜெக்டரோ ஒழுகுகிறது.

குழாயைக் கழற்றுமுன் அழுத்தத்தை இறக்குவது கட்டாயம். எஞ்சின் ஓடும்போதே பம்ப் கப்ளரைப் பிடுங்கி, அது தானாக அணையும்வரை விடுங்கள். எஞ்சின் ஓடவே இல்லை என்றால் கப்ளரைப் பிடுங்கிவிட்டு, துணியால் சுற்றிப் பிடித்து மெதுவாகத் திறங்கள். நாற்பது வண்டி நெருங்கி நிற்கும் குடியிருப்பு நிறுத்தத்தில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். திறந்த வெளி, பக்கத்தில் தீயணைப்பான், சிகரெட் பிடிப்பவர் யாரும் இல்லை; இந்த மூன்றும் உறுதியான பிறகுதான் ஸ்பேனர்.

இப்போது இன்ஜெக்டர்

இத்தனை வாசலையும் தாண்டி வந்தால் இன்ஜெக்டரை விசாரிக்க நியாயம் உண்டு. எஞ்சின் ஓடினால் நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை இன்ஜெக்டர் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வையுங்கள். தையல் மெஷின் போல ஒழுங்கான “டிக் டிக்” கேட்கவேண்டும். விட்டுவிட்டுக் கேட்டால் ஒன்று மின்துடிப்பு சரியில்லை, அல்லது ஊசி ஒட்டுகிறது. மின்துடிப்பைச் சரிபார்க்க எல்.இ.டி. டெஸ்டரைக் கப்ளரில் மாட்டி செல்ஃப் அடியுங்கள், மின்னவேண்டும். பெரிய பல்பு மாட்டவேண்டாம், இ.சி.யூ.வுக்குச் சுமை. மின்னவில்லை என்றால் ஒரு வயரில் 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். மற்ற வயரை எர்த் செய்வது இ.சி.யூ.வின் வேலை. அங்கே துடிப்பு இல்லாதபோது புது இன்ஜெக்டர் வாங்கி என்ன பயன்?

துடிப்பு இருக்கிறது என்றால் இன்ஜெக்டரின் இரண்டு பின்னுக்கும் நடுவே ஓம் அளவு. இந்த ரக வண்டிகளில் பொதுவாக 11, 12, 13 ஓம் என்று வரும். எல்லையற்றதாகக் காட்டினால் சுருள் அறுந்துவிட்டது. அரை ஓம், ஒரு ஓம் என்றால் ஷார்ட். இரண்டிலும் மாற்றுவதைத் தவிர வழியில்லை.

ஏமாற்றும் நோய் ஒன்று உண்டு. காலையில் ஸ்டார்ட் ஆகும், அடையாறிலிருந்து தி. நகர் வந்ததும் சாகும், டீ குடித்துவிட்டு வந்தால் மறுபடி ஓடும். குளிர்ந்த இன்ஜெக்டரை அளந்தால் 12 ஓம், சரியாகவே இருக்கும். சூடாக வண்டி நின்ற அந்த நிமிடத்திலேயே அளக்கவேண்டும். சுருளில் மயிரிழை விரிசல் இருந்தால் சூட்டில் விலகி, அளவு எகிறும். பம்பும், சுற்றைக் கணக்கெடுக்கும் சென்சாரும் இதே நாடகத்தை ஆடும். அதனால் வண்டி செத்ததும் பம்ப் சத்தம், ஸ்பார்க், ஓம் மூன்றையும் சூட்டோடு சூடாகப் பாருங்கள். நடுரோட்டில் இதற்காகவே மல்டிமீட்டரைச் சீட்டுக்கு அடியில் போட்டு ஓட்டிப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது ஒழுகலும் சீறலும். அழுத்தம் இறக்கி, இன்ஜெக்டரைச் சுற்றியுள்ள மண்ணை முதலில் துடைத்து, பிறகு கழற்றுங்கள். இக்னிஷன் காயில் கப்ளரைப் பிடுங்கிவிடுங்கள், ஸ்பார்க் எங்கும் வரக்கூடாது. இன்ஜெக்டரை ஹோஸில் மாட்டியபடி கண்ணாடி பாட்டிலுக்குள் நுழைத்து, சாவி மட்டும் போட்டு ஒரு நிமிடம் நுனியைப் பாருங்கள். சொட்டு திரண்டு விழுந்தால் ஒழுகல். இந்த வண்டி இரவெல்லாம் சொட்டவிட்டு, காலையில் பெட்ரோல் வாடையோடு திணறும். ஆயில் டிப்ஸ்டிக்கில் அளவு ஏறி பெட்ரோல் வாடை அடிக்கும். அந்த ஆயிலை மாற்றாமல் ஓட்டினால் எஞ்சினே தேய்ந்துவிடும். பிறகு செல்ஃப் அடியுங்கள். சீறல் மெல்லிய கூம்பாக, பனிபோல வரவேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தாலோ, நூல்போல வந்தாலோ அடைப்பு. அளவையும் தெரிந்துகொள்ள அதே மாடலின் நல்ல இன்ஜெக்டர் ஒன்றைப் பட்டறையில் வைத்திருங்கள். ஒரே அளவு நேரம் ஓடவிட்டு இரண்டு பாட்டிலையும் ஒப்பிட்டால் கண்ணே சொல்லிவிடும்.

லேசான அடைப்பை ஆக்சிஜன் சென்சார் உள்ள வண்டி கொஞ்ச நாள் மறைத்துவைக்கும். பெட்ரோல் குறைவதை உணர்ந்து இ.சி.யூ. இன்ஜெக்டரை அதிக நேரம் திறந்துவைக்கும். இந்தத் திருத்தத்தை ஃபியூயல் டிரிம் என்று ஸ்கேனரில் காட்டும் வண்டியில் அந்த எண் நாள்பட்டு மேலேயே நின்றால், வெளியே குணம் தெரியுமுன்பே நீங்கள் பிடித்துவிடலாம்.

அடைப்புக்கு வைத்தியம்: அல்ட்ராசோனிக் தொட்டியில் துடிப்பு கொடுத்துச் சுத்தம் செய்வதுதான். பெட்ரோலில் ஊற்றும் கிளீனர் பாட்டில் ஆரம்பநிலைப் படிவுக்கு உதவலாம், முழு அடைப்பைத் திறக்காது. ஊசி, பின், வயர் எதையும் துளைக்குள் விடாதீர்கள். ஜெட்டை அப்படிக் குத்திப் பிழைத்தோம். இந்தத் துளைகள் மயிரளவு விரிந்தாலும் இன்ஜெக்டர் குப்பைக்குத்தான். நேராக பேட்டரியிலிருந்து 12 வோல்ட் கொடுத்துப் பார்க்கவேண்டுமென்றால் தொட்டுத் தொட்டு எடுங்கள். பிடித்தே வைத்திருந்தால் சுருள் சூடாகி எரியும்.

மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் பாகத்தின் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் எல்லாம் கிடைக்கும், புதுப்பேட்டையில் பழையதும் கிடைக்கும். கப்ளர் பொருந்துகிறது என்பதற்காக வேறு மாடலின் இன்ஜெக்டரை மாட்டாதீர்கள். துளையின் அளவு வேறு, பாயும் பெட்ரோல் வேறு. பழைய இன்ஜெக்டர் வாங்கினால் மேலே சொன்ன பாட்டில் சோதனை ஆகாமல் வண்டியில் ஏற்றக்கூடாது.

புல்வெட்டும் மெஷினுக்கு

நாகேஸ்வர ராவ் பூங்காவோ, காந்தி நகரில் ஒரு வீட்டுத் தோட்டமோ, நம் ஊரில் புல் எகிறுவது ஐப்பசி, கார்த்திகை மழையில். மார்ச் தாண்டினால் மெஷின் மூலைக்குப் போய்விடும், டேங்கில் பெட்ரோலோடு. கோடை முழுக்க அந்தப் பெட்ரோல் ஆவியாகிப் பிசினாகும். கார்புரேட்டர் மெஷின் என்றால் மூலைக்குப் போகுமுன் டேங்கையும் கிண்ணத்தையும் காலி செய்யுங்கள், அது போதும்.

மைதானங்களில் உட்கார்ந்து ஓட்டும் பெரிய மெஷின்களில் கோலர், பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் போன்ற கம்பெனிகளின் இன்ஜெக்டர் எஞ்சின்கள் வெளிநாடுகளில் பரவியிருக்கின்றன. அப்படி ஒன்று உங்கள் கைக்கு வந்தால் பயப்படவேண்டாம். பம்ப் சத்தம், லைட், பேட்டரி, பெட்ரோல், அழுத்தம், துடிப்பு, ஓம், சீறல் என்று இதே வரிசைதான். இரண்டு சிலிண்டர் எஞ்சின் என்றால் ஒரு வசதி கூட உண்டு: இரண்டு இன்ஜெக்டர்களையும் இடம் மாற்றி மாட்டுங்கள். கோளாறும் சிலிண்டர் மாறினால் இன்ஜெக்டர் குற்றவாளி. மாறாவிட்டால் வயரோ, பிளக்கோ, வால்வோ. இந்த இன்ஜெக்டர் மெஷின்களை மூலையில் வைக்கும்போது டேங்கைக் காலியாக விடாமல், ஸ்டெபிலைசர் கலந்த புது பெட்ரோலால் நிரப்பி, பத்து நிமிடம் ஓட்டி, பிறகு மூடி வையுங்கள். டேங்கில் காற்று குறைந்தால் ஈரமும் குறையும்.

மாட்டும்போது

பழைய ஓ-ரிங்கை மறுபடி போடாதீர்கள். புதிய ரிங்கில் ஒரு துளி எஞ்சின் ஆயில் தடவி, நேராக அழுத்தி இறக்குங்கள். முறுக்கினால் ரிங் வெட்டுப்படும். கப்ளர் “க்ளிக்” என்று கேட்கவேண்டும். சாவியை மூன்று தடவை போட்டு எடுத்து, ஒவ்வொரு தடவையும் பம்ப் சத்தம் நின்றதும் ஹோஸையும் ரிங்கையும் டார்ச் அடித்துப் பாருங்கள், விரலால் தடவி முகர்ந்து பாருங்கள். ஈரம் இல்லை என்றால் மட்டும் செல்ஃப்.

எரர் எண் பதிவாகியிருந்தால் அழித்துவிட்டு ஓட்டக் கிளம்புங்கள். மந்தைவெளியிலிருந்து திரு.வி.க. பாலம் தாண்டி அடையாறு, அங்கிருந்து திரும்பி தி. நகர் மேம்பாலம் ஏறி இறங்கினால் எனக்குப் போதும்: நிதானம், ஏற்றம், சிக்னல் மூன்றும் வழியில் வந்துவிடும். வந்ததும் அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். அந்தச் சூட்டில் ஒரே தொடுதலில் ஸ்டார்ட் ஆகி, எஃப்.ஐ. லைட் அணைந்து, ஓ-ரிங் உலர்ந்திருந்தால் வண்டிக்காரருக்கு போன் செய்யலாம்.